மூணுநாள் அக்காவின் கை

அந்த நாலு மாடிக் கட்டடத்தில் அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் எல்லாரும் உதட்டைப் பிதுக்குவார்கள். மூணுநாள் அக்கா என்று கேட்டுப் பாருங்கள், இரண்டாம் மாடி, வலது கைப் பக்கம், கதவோரம் பூதக்கண்ணாடி தொங்கும் வீடு என்று யாரும் சொல்லிவிடுவார்கள். ஐம்பத்திரண்டு வயது. ஒல்லி உடம்பு, ஓயாத வாய். மருந்துத் தொழிற்சாலையில் பெட்டி அடைக்கும் பிரிவில் இருபத்திரண்டு வருஷ வேலை. ஓடும் பட்டையில் மாத்திரைப் பெட்டிகள் வரிசையாக வரும். பேட்ச் நம்பர் சரியாக விழுந்திருக்கிறதா, காலாவதித் தேதி மங்கியிருக்கிறதா, மூடி ஒட்டியிருக்கிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். ஆகாததைத் தட்டித் தள்ள வேண்டும். எட்டு மணி நேரமும் அதுதான்.

அந்தக் கண் வீட்டுக்கு வந்த பிறகும் சும்மா இருக்குமா? இருக்காது. பஸ் நிறுத்தத்துக்கு எதிரே தள்ளுபடிக் கடை திறந்த நாளிலிருந்து அதற்கு இன்னொரு வேலை கிடைத்துவிட்டது.

அந்தக் கடையைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். முன்பு நாற்காலி மேசை விற்ற இடம். இப்போது பெரிய பெரிய தொட்டிகளில் முகப்பூச்சு, உதட்டுச் சாயம், பவுடர், கண் மை, நகப்பூச்சு எல்லாம் காய்கறி மாதிரி கொட்டிக் கிடக்கும். பெரிய கடையில் கண்ணாடிக்குப் பின்னால் விளக்குப் போட்டு வைத்திருக்கும் அதே சாமான், இங்கே பாதி விலை. சிலது கால் விலை. கட்டடத்துப் பெண்களுக்குக் கை துறுதுறுவென்றது, மனம் பயந்தது. அசலா போலியா? பழசா புதுசா? பூசினால் முகம் பளபளக்குமா, பொத்துப் போகுமா? யாரைக் கேட்பது?

அக்காவைக் கேட்டார்கள்.

"இது ஏன் மலிவா வந்துச்சுன்னு முதல்ல கேளு" என்பாள் அக்கா. "பெட்டி நசுங்கியிருக்கா? சரி, பெட்டியையா பூசப் போறே? கம்பெனிக்காரன் டப்பா டிசைன மாத்திட்டானா? பழைய டப்பா நமக்கு நல்லதுதான். தேதி முடிய நாலு மாசம்தான் இருக்கா? நாலு மாசத்துல தீத்துடுவேன்னா வாங்கு. காரணம் புரிஞ்சா வாங்கலாம். புரியலன்னா, ஓசியில குடுத்தாலும் வெச்சிட்டு வந்துடணும்."

இது முதல் பரீட்சை. இரண்டாவது, பூதக்கண்ணாடி. எழுத்து கசிந்திருக்கிறதா, டப்பாவில் உள்ள நம்பரும் பெட்டியில் உள்ள நம்பரும் ஒன்றா, மூடிக்கு அடியில் உள்ள தாளை யாராவது பிரித்து ஒட்டியிருக்கிறார்களா என்றெல்லாம் பார்ப்பாள். இதிலெல்லாம் தேறினால் மூன்றாவது பரீட்சை. அதுதான் அவள் கை.

இடது முன்கையின் உள்பக்கத்தில் பேனாவால் ஒரு சின்னக் கட்டம் போடுவாள். அதற்குள் ஒரு பொட்டளவு க்ரீம். காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம். "மூணு நாள் பொறு" என்று சொல்லி அனுப்பிவிடுவாள். மூன்று நாளில் சிவக்கவில்லை, அரிக்கவில்லை, தடிக்கவில்லை என்றால் பூசலாம். சில வாரங்களில் ஐந்தாறு கட்டங்கள் ஒன்றாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் யாருடையது என்று ஒரு எழுத்து. தொழிற்சாலை மேற்பார்வையாளர், "கையில என்னம்மா, காலண்டரா?" என்று கேட்டாராம். வீட்டில் லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவரோ, "இந்த வீட்டுல எல்லாருக்கும் இடம் இருக்கு, அந்தக் கையிலதான் இடம் இல்ல" என்பார்.

இதற்கெல்லாம் அவள் ஒரு காசுகூட வாங்கியதில்லை. காசை நீட்டினால் கோபம் வரும். அவளைக் கண்டதும் தள்ளுபடிக் கடைக்காரருக்கு "வாங்க இன்ஸ்பெக்டர் மேடம்" என்று வாய் சிரிக்கும். கை மட்டும் ஏதோ ஒரு தொட்டியை அவசரமாக மேசைக்கு அடியில் தள்ளும். அக்கா அந்தத் தொட்டியைத்தான் முதலில் இழுப்பாள்.

சும்மா சொல்லக் கூடாது, ஆறு வருஷத்தில் ஒரு தப்புக்கூட நடக்கவில்லை. எதிர்வீட்டுத் தையல்காரியிலிருந்து கீழ்த்தளத்து உடற்பயிற்சிக்கூடப் பெண் வரைக்கும் எல்லார் முகமும் அவள் சொல்லைக் கேட்டு நன்றாகவே இருந்தது. மூன்றாம் மாடியில் மட்டும் ஒருத்தி முரண்டு பிடித்தாள். கோர்ட்டில் டைப் அடித்து ஓய்வு பெற்றவள், டைப்பிஸ்ட் மேடம் என்று பெயர். "என் மூஞ்சி என்ன குப்பைத் தொட்டியா, தொட்டியில அள்ளினதைப் பூச?" என்று மாடிப்படியில் நின்று எல்லார் காதிலும் விழும்படி கேட்பாள். அக்கா அதைக் காதில் வாங்கவே மாட்டாள்.

அவளுக்கு உறுத்தியது வேறு. ஊரே கேட்கிறது, சொந்த மருமகள் கேட்கவில்லை.

மகன் ரயில் ஓட்டுபவன். மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டான். கல்யாணம் ஆகி எட்டு மாதம். மருமகள் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தாள். மரியாதையான பெண். அந்த மரியாதைதான் அக்காவைக் கொன்றது. "சாப்பிடறீங்களா அத்தை", "நான் வரேன் அத்தை", அவ்வளவுதான் பேச்சு. காலையில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டால் முக்கால் மணி நேரம் கழித்து முழு ஒப்பனையோடுதான் வெளியே வருவாள். மொட்டை மாடியில் துணி எடுக்கப் போனால்கூட முகத்தில் பூச்சு இல்லாமல் போக மாட்டாள். எல்லாம் பெரிய கண்ணாடிக் கடைச் சாமான். சம்பளத்தில் பாதி அங்கேதான் போயிற்று. மேசை இழுப்பறை எப்போதும் பூட்டியிருக்கும்.

"ஒரு வார்த்தை கேட்டா நான் பாத்துத் தர மாட்டேனா?" என்று கணவரிடம் குறைப்பட்டாள் அக்கா. "அந்த ஜிம் பொண்ணு யாரு, நம்ம சொந்தமா பந்தமா? அவளுக்குப் பாக்கறேன். இவளுக்கு நான் யாரோவா?"

"நீயா போய்க் கேக்காதே" என்றார் அவர். "ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுட்ட லிஃப்ட வெளியே இருந்து இழுக்கக் கூடாது. தானா ஏதாவது ஒரு பக்கம் வரும்."

"ஆமா, எல்லாத்துக்கும் உங்களுக்கு லிஃப்ட்டுதான்" என்று எரிந்து விழுந்தாள். ஆனாலும் கேட்கப் போகவில்லை.

வந்தது ஒரு புதன்கிழமை. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அக்காவின் பின்னால் வந்து நின்று மருமகள் தொண்டையைச் செருமினாள். கையில் ஒரு முகப்பூச்சுக் குழாய்.

"அத்தை, நான் எப்பவும் வாங்கற ஃபவுண்டேஷன் விலை ஏறிப்போச்சு. அந்தக் கடையில வேற ஒண்ணு பாதி விலைக்குக் கிடைக்குது. நல்ல கம்பெனிதான். தையல்கார அக்காவும் இதத்தான் வாங்கியிருக்காங்க. நீங்க ... கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களா? அவசரம் ஒண்ணும் இல்ல."

அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. சோப்புக் கையைத் துடைக்கக்கூட மறந்துபோய்ப் பூதக்கண்ணாடியைத் தேடினாள். பெட்டி ஒரு மூலையில் நசுங்கல், சரி, காரணம் கிடைத்துவிட்டது. எழுத்து சுத்தம், நம்பர் பொருந்தியது, தாள் பிரிக்கப்படவில்லை. கையில் கட்டம் போட்டாள். பக்கத்தில் என்ன எழுத்து போடுவது என்று ஒரு நிமிடம் யோசித்து, எதுவும் போடாமல் விட்டாள். இதை மறக்கவா போகிறோம்?

அந்த மூன்று நாளும் வீட்டில் பேச்சு நடந்தது. "எப்படி இருக்கு அத்தை?" என்று மருமகள் காலையிலும் மாலையிலும் வந்து கையைப் பார்த்தாள். பார்க்கிற சாக்கில் பக்கத்தில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் மருத்துவமனைக் கதை சொன்னாள். ஊசியைப் பார்த்ததும் கழிவறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்ட போலீஸ்காரர் கதையைக் கேட்டு அக்கா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். மூன்றாம் நாள், கொஞ்சம் தயங்கி, ஏன் பூச்சு இல்லாமல் வெளியே வருவதில்லை என்பதையும் சொன்னாள். பள்ளிக்கூட நாளில் கன்னமெல்லாம் பரு. அதில் விழுந்த தழும்பைப் பார்த்துப் பிள்ளைகள் 'சல்லடை' என்று கூப்பிட்டார்கள். அப்போது பிடித்த பயம்.

"யாரு அந்தத் தறுதலைங்க?" என்று அக்கா கேட்ட விதத்தில் மருமகளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மூன்றாம் நாள் மாலை கையை ஜன்னல் வெளிச்சத்தில் நீட்டிக் காட்டினாள். கட்டத்துக்குள் தோல் பளிச்சென்று இருந்தது. "தாராளமா பூசு" என்றாள். தீர்ப்புச் சொல்லும்போது அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம் அதுவரைக்கும் வந்ததில்லை. தையல்காரிக்கும் அதே தீர்ப்பு எதிர்வீட்டுக்குக் கத்திச் சொல்லப்பட்டது. அங்கிருந்து கீழ்த்தளத்துக்கும் போயிற்று.

மறுநாள் சனிக்கிழமை. மருமகள் காலையில் அதைப் பூசிக்கொண்டு வேலைக்குப் போனாள். மாலை நாலு மணிக்குக் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு திரும்பி வந்தாள்.

அக்கா கைக்குட்டையை விலக்கிப் பார்த்தாள். கன்னம் இரண்டும் செக்கச்செவேலென்று வீங்கி, இடது கண் பாதி மூடியிருந்தது. நெற்றியெல்லாம் தடிப்பு. அக்காவின் கணவர் சட்டையை மாட்டிக்கொண்டு அவளை டாக்டரிடம் கூட்டிப்போனார். புதுப் பூச்சு ஒத்துக்கொள்ளவில்லை, ஊசி போட்டிருக்கிறேன், சில நாளில் வடிந்துவிடும், அதுவரைக்கும் முகத்தில் தண்ணீரைத் தவிர எதுவும் படக் கூடாது என்றார் டாக்டர். எதுவும் என்றால் எதுவும். பவுடர்கூடக் கூடாது.

அக்கா தன் கையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அதே குழாய், அதே க்ரீம். கை எண்ணெய் தடவிய மாதிரி வழவழவென்று இருக்கிறது, ஒரு சிவப்பு இல்லை. "இந்தக் கை எனக்குத் துரோகம் பண்ணிடுச்சே" என்றாள். மருமகள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கோபமாக ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூட அக்கா தாங்கியிருப்பாள். சாத்திய கதவுக்கு என்ன பதில் சொல்வது?

ஞாயிறு காலை எதிர்வீட்டுத் தையல்காரி சர்க்கரை கேட்டு வந்தாள். அந்த நேரம் பார்த்து மருமகள் தண்ணீர் குடிக்க வெளியே வந்திருந்தாள்.

"ஐயையோ! என்னம்மா இது? மூஞ்சி ஏன் இப்படி வீங்கியிருக்கு?"

சமையலறையில் இருந்த அக்காவின் கையில் கரண்டி நின்றுவிட்டது. இதோ, ஆறு வருஷப் பெயர் போகிற நேரம்.

"ஆஸ்பத்திரியில புதுசா கை கழுவற லோஷன் வாங்கியிருக்காங்க" என்றாள் மருமகள். குரலில் ஒரு தடுமாற்றம் இல்லை. "அந்தக் கையோட முகத்தைத் தொட்டுட்டேன். அதான் ஒத்துக்கல."

"நல்லவேளை, நான்கூட அந்த க்ரீமோன்னு பயந்துட்டேன். இன்னும் தொறக்கல, நாளைக்கு ஒரு விசேஷத்துக்குப் போகும்போது பூசலாம்னு வெச்சிருக்கேன்."

"சேச்சே, அதெல்லாம் இல்ல. அத்தை பாத்துச் சொன்னது தப்பாகுமா?"

தையல்காரி சர்க்கரையோடு போய்விட்டாள். அக்கா சமையலறையை விட்டு வெளியே வந்தாள். "ஏம்மா அப்படிச் சொன்னே?" என்று கேட்டாள்.

மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். "உங்கள யாராவது ஒரு வார்த்தை சொன்னா என்னால தாங்க முடியாது அத்தை. அவ்வளவுதான். இதப் பெரிசா பேசாதீங்க."

அடிப்பாவி! எட்டு மாதமாகக் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தவளா இவள்? அக்காவுக்கு அழுகையும் வந்தது, இனிப்பாகவும் இருந்தது. ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், அந்தப் பொய் அப்படியே இருக்கட்டுமே என்றும் தோன்றியது. யாருக்குத் தெரியப் போகிறது? மருமகள் வாயால் வந்த பொய். பெயரும் நிற்கும், பிரியமும் நிற்கும்.

ஆனால் நாளைக்குத் தையல்காரி அந்தக் குழாயைத் திறப்பாள்.

ஒன்றும் ஓடாமல், வழக்கமாகக் காலையில் போடும் மாத்திரையை எடுக்கப் போனாள். நாலு மாதமாகத் தொழிற்சாலையில் புது அட்டைப் பெட்டிகள் வருகின்றன. அதன் தூசி மூக்கில் ஏறித் தும்மல் ஓயவில்லை. தினம் ஒன்று போடச் சொல்லித் தொழிற்சாலை நர்ஸ் கொடுத்த ஒவ்வாமை மாத்திரை. வேறு எங்கிருந்தோ வந்ததுகூட இல்லை, அவள் பட்டையில் ஓடுகிற, அவள் கையாலேயே தள்ளி அடைக்கிற அதே மாத்திரை. தோலில் அரிப்பு வந்தால் இதைத்தானே டாக்டர்கள் எழுதுகிறார்கள் என்ற நினைப்பு அப்போதுதான் மண்டையில் உறைத்தது. பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த காகிதத்தை வெளியே எடுத்தாள்.

இருபத்திரண்டு வருஷம். எத்தனை லட்சம் பெட்டி. ஒவ்வொன்றிலும் அந்த மடித்த காகிதம் இருக்கிறதா என்று பார்த்திருக்கிறாள்; இல்லாத பெட்டியைத் தட்டித் தள்ளியிருக்கிறாள். ஒன்றையாவது பிரித்துப் படித்ததில்லை. அது இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அவள் வேலை, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பது இல்லையே!

இப்போது பிரித்தாள். எறும்பு எழுத்து. பூதக்கண்ணாடியை வைத்து வரி வரியாகப் போனாள். பின்பக்கத்தில் இருந்தது: தோலில் ஒவ்வாமைப் பரிசோதனை செய்வதானால் சில நாட்கள் முன்பே இந்த மாத்திரையை நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் முடிவு தவறாக வரக்கூடும்.

அக்கா அதை மூன்று தரம் படித்தாள். பிறகு மருமகளைக் கூப்பிட்டு அவளிடம் நீட்டினாள்.

"இந்த மாத்திரை சிவப்பையும் அரிப்பையும் வரவிடாம அமுக்கிடும் போலிருக்கு. நாலு மாசமா என் கை தூங்கிக்கிட்டு இருந்திருக்கும்மா. நான் அதக் கேட்டு ஊருக்கெல்லாம் பதில் சொல்லிக்கிட்டு இருந்திருக்கேன்."

மருமகள் படித்துவிட்டு நிமிர்ந்தாள். "அப்போ அந்த க்ரீம் போலியா?"

"தெரியாது. அசலாவும் இருக்கலாம். பெரிய கடையில முழு விலைக்கு வாங்கியிருந்தாலும் உனக்கு ஒத்துக்காமப் போயிருக்கலாம், அது வேற விஷயம். ஆனா மூணு நாள் பாத்துட்டேன், பூசுன்னு நான் சொன்னேனே, அது பொய். நாலு மாசமா எத்தனை பேருக்கு அந்தப் பொய்யச் சொன்னேனோ!" காலில் செருப்பை மாட்டினாள். "போய்ச் சொல்லிட்டு வந்துடறேன்."

"அத்தை, எல்லாரும் சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். அவங்க மூஞ்சி நல்லா இருந்தாத்தானே சிரிக்க முடியும்."

கதவைத் திறந்தவளின் கையைப் பின்னாலிருந்து மருமகள் பிடித்தாள். "நானும் வரேன்."

"இந்த முகத்தோடயா?"

"இந்த முகத்தோடதான். வெறும் வாயால சொன்னா, அக்கா சும்மா பயப்படறாங்கன்னு பூசிடுவாங்க. பாத்தா பூச மாட்டாங்க."

மொட்டை மாடிக்குப் போகவே முக்கால் மணி நேரம் பூசுகிறவள். வீக்கமும் தடிப்பும் சல்லடைத் தழும்புமாக, பவுடர்கூடப் படாத முகத்தோடு வாசலைத் தாண்டினாள். அக்காவின் மணிக்கட்டை மட்டும் விடவில்லை.

எதிர்வீட்டில் தையல்காரி தைத்துக்கொண்டிருந்த துணியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். விஷயத்தைக் கேட்டாள். மருமகளைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள். "ஏண்டி பொண்ணே, கை கழுவற லோஷன்னு அவ்வளவு அழகா சொன்னியே, நடிக்கப் போயிருக்கலாம்டி நீ" என்றாள். குழாயைக் கொண்டுவந்து கொடுத்தாள். நாலு மாதத்துக்குள் கேட்ட இன்னும் இரண்டு சாமானையும் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, ரகசியம் பேசுவது போலக் குனிந்தாள்.

"அக்கா, இன்னொரு விஷயம். மேல டைப்பிஸ்ட் மேடமும் இந்த க்ரீம் வாங்கியிருக்காங்க. நீங்க என்ன சொல்றீங்கன்னு ஒவ்வொரு தரமும் என்கிட்டதான் கேட்டுப்பாங்க. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காங்க."

அக்காவுக்கு வாய் பிளந்துவிட்டது. குப்பைத் தொட்டி மேடமா!

கீழ்த்தளத்தில் உடற்பயிற்சிக்கூடப் பெண் ஒரு உதட்டுச் சாயத்தை எடுத்துக் கொடுத்தாள். மூன்று மாதமாகப் பூசுகிறாளாம், ஒன்றும் ஆகவில்லையாம். "அப்போ அது உன் தோலோட புண்ணியம், என் கையோட புண்ணியம் இல்ல" என்று அக்கா அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். கடைசியில் மூன்றாம் மாடி.

டைப்பிஸ்ட் மேடம் கதவைப் பாதிதான் திறந்தாள். அக்கா மூச்சை இழுத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள்: கை, மாத்திரை, படிக்காத காகிதம், மருமகள் முகம். மேடம் வாங்கியிருப்பது தனக்குத் தெரியும் என்பதை மட்டும் சொல்லவில்லை. "உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது வாங்கியிருந்தா பூச வேணாம்னு சொல்லிடுங்க" என்று முடித்தாள். அந்த அளவுக்கு நாகரிகம் தெரிந்தவள்.

மேடத்துக்கு அந்த நாகரிகம் புரியவில்லை. "நான் அப்பவே சொன்னேன்!" என்று கதவை முழுசாகத் திறந்தாள். "கண்ட கடையில கண்டதை வாங்காதீங்கன்னு தலையால அடிச்சுக்கிட்டேன். பெரிய கடைன்னா ஒரு பொறுப்பு இருக்கும். இது என்ன, கையில கோலம் போட்டு ஜோசியம் பாக்கற மாதிரி! உங்க பேச்சைக் கேட்டு இப்போ பாருங்க, பொண்ணு மூஞ்சி ..."

அக்கா தலையைக் குனிந்து நின்றாள். ஒவ்வொரு வார்த்தையும் தனக்கு வேண்டியதுதான் என்று நின்றாள்.

"மேடம்" என்றாள் மருமகள். மரியாதையான குரல்தான், மருத்துவமனையில் சண்டை போட வருகிறவர்களிடம் பேசும் குரல். "நான் மூணு வருஷமா பெரிய கடையிலதான் வாங்கறேன். அதுல ரெண்டு க்ரீம் எனக்கு ஒத்துக்கல. எந்தக் கடைக்காரரும் வீடு தேடி வந்து, நாங்க சொன்னது தப்பாப் போச்சு, பூசாதீங்கன்னு சொல்லல. தள்ளுபடிக் கடைக்காரரும் சொல்லப் போறதில்ல. இவங்க வந்திருக்காங்க. தப்பு தெரிஞ்சு ஒரு மணி நேரம்கூட ஆகல."

மேடம் அந்த வீங்கிய முகத்தை அப்போதுதான் சரியாகப் பார்த்தாள் போலிருக்கிறது. உள்ளே போனாள். இழுப்பறை திறக்கும் சத்தம் கேட்டது. கேட்டுக்கொண்டே இருந்தது. திரும்பி வந்தபோது கை நிறைய, அந்த முகப்பூச்சு, இரண்டு பவுடர் டப்பா, ஒரு கண் மை, மூன்று உதட்டுச் சாயம்.

"இதுல எதெல்லாம் நாலு மாசத்துக்குள்ளதுன்னு எனக்கு ஞாபகம் இல்ல" என்றாள், யார் முகத்தையும் பார்க்காமல். பிறகு மெல்லிய குரலில், "உள்ள வாங்க. ஐஸ் இருக்கு, பொண்ணுக்குக் குடுக்கறேன்."

இதற்கும் சிரிக்காமல் அங்கே நின்றார்களே, அதுதான் அன்றைக்கு அவர்கள் செய்த காரியங்களில் ரொம்பக் கஷ்டமானது. ஐஸைத் துணியில் சுற்றி வாங்கிக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டு, கதவு சாத்தியதும் பாதிப் படி இறங்கி, அங்கே இருந்த ஜன்னலடியில் இரண்டு பேரும் உட்கார்ந்துவிட்டார்கள். மடியில் ஊர்ப்பட்ட அலங்காரச் சாமான்.

சிரித்து முடித்து மூச்சு வாங்கியபின் மருமகள் ஐஸைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். மறுநாள் திங்கள். வரவேற்பு மேசை. டாக்டர் பவுடர்கூடக் கூடாது என்றுவிட்டார்.

"அத்தை, ஒண்ணு கேக்கறேன், உண்மையச் சொல்லுங்க. நேத்து போன்ல படத்த அனுப்பினேன், உங்க பிள்ளை ஒண்ணுமே தெரியலன்னாரு. மாமா, லேசாத்தான் இருக்குன்னாரு. தையல்கார அக்கா, நாளைக்குள்ள வடிஞ்சிடும்னாங்க. பாக்க ரொம்ப மோசமா இருக்கா?"

அக்காவுக்குப் பகீரென்றது. இப்போதுதான் கைக்கு வந்திருக்கிறாள் இந்தப் பெண். ஆறுதலாக ஒரு பொய் சொன்னால் என்ன குறைந்துவிடும்? ஐஸை விலக்கச் சொன்னாள். தாடையைப் பிடித்து முகத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள். வலது கன்னம், இடது கன்னம், கண்ணுக்கு அடியில், நெற்றி. அவசரப்படவில்லை.

"மோசமாத்தான் இருக்கு" என்றாள். "இடது பக்கம் ரொம்பவே மோசம். தழும்பும் நல்லாத் தெரியுது. நாளைக்குள்ள சரியாகாது. நீ இதோடதான் போகணும்."

மருமகளுக்குக் கண் நிறைந்து வழிந்தது; துடைத்தால் எரியும் என்று அப்படியே விட்டாள். அக்கா, சொல்லியிருக்க வேண்டாமோ என்று நெஞ்சுக்குள் தவித்தாள்.

"நீங்க ஒருத்தர்தான் சொன்னீங்க" என்றாள் அந்தப் பெண். "இனிமே எந்தக் கடையில எதை வாங்கினாலும் உங்ககிட்டக் காட்டாம வாங்க மாட்டேன் அத்தை."